பகல் தூக்கம்

இரவு டியூட்டி முடிந்து ஏழே காலுக்கு
ஜெயகௌரி வீடு வருவாள்.
ஆஸ்பத்திரி வாசத்தைக் கிணற்றடியில் கழுவி
ஒரு துண்டுப் பாணும் சம்பலும் தின்று
ஜன்னலில் என் பழைய சாரத்தைத் தொங்கவிட்டு
பகலை மறைத்துவிட்டுப் படுப்பாள்.

அவளுக்காக நான் செய்து வைத்தவை:
படலைக் கொளுக்கிக்குத் துணி சுற்றியிருக்கிறேன்.
பின்வளவு வெல்டிங்காரரிடம்
பத்தரைக்குப் பிறகு தொடங்குங்கோ என்று கெஞ்சியிருக்கிறேன்.
பாண் ஓட்டோக்காரருக்கு
எங்கள் ஒழுங்கைக்குள் மட்டும் மெட்டை நிறுத்த
மாதம் ஐந்நூறு.

அந்த ஏழே காலுக்கு நான்
உப்புவெளிக்கு வெளியே,
தண்ணீர் சட்டென்று கறுக்கும் இடத்தில் நிற்பேன்.
கீழே கடல் ஒரு பள்ளத்தாக்கு.
இரா முழுக்க அதற்குள் இரை தேடிய ஓங்கில்கள்
மேலே வந்து
ஒன்றின் விலாவை ஒன்று உரசிக்கொண்டு
எழும், மூச்சுவிடும், தாழும்.
துள்ளாது. சுழலாது.

பதினொரு வருசம் படகு ஓட்டியும்
அதைத் தூக்கம் என்று எனக்குத் தெரியாது.
சோம்பேறிக் கூட்டம் என்போம்.
நாற்பது குதிரையை முறுக்கி
கூட்டத்தைக் குறுக்கே வெட்டினால்
பதறித் துள்ளும்.
துள்ளினால் கைதட்டு.
கைதட்டினால் டிப்ஸ்.

போன வைகாசியில் கம்பஸ் பிள்ளை ஒருத்தி,
துஷாந்தினி,
கறுப்பு வயரில் மைக் ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கி
ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.
முதலில் சட்டியில் கடுகு வெடிக்கும் சத்தம்.
அது றால் என்றாள்.
பிறகு மெல்லிய சீழ்க்கை, இரண்டு, மூன்று.
பிறகு நஸ்லிமின் படகு:
கண்ணுக்குத் தெரியுமுன்னே
மண்டைக்குள் வந்துவிட்டது.
அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.
நான் கழற்றிவிட்டேன்.

அரை மூளை தூங்குமாம், அரை மூளை காவலாம்.
"செத்தெல்லாம் போகாது, அண்ணா.
பால் குடிக்க நேரம் காணாமல் குட்டி மெலியும்.
பிறகு ஒரு வருசம் இந்தப் பக்கம் வராது."
கொப்பியில் எழுதினாள்:
ஏழு படகு. இருபத்திரண்டு நிமிடம். தாழ்ந்துவிட்டன.
பேனையை மூடினாள்.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு
மூன்று நாள் ஸ்பீக்கர் கட்டிய கிழமை
ஜெயகௌரி வார்டில் ஊசி மருந்தை மாறி எடுத்தாள்.
நோயாளியின் கையைத் தொட்ட பிறகுதான்
போத்தலின் பெயரைப் பார்த்தாளாம்.
ஒன்றும் நடக்கவில்லை.
வீட்டுக்கு வந்தும் அழவில்லை.
நெடுநேரம் பல் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

இன்றைக்கு நான் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினேன்.
"ஏன், பெற்றோல் முடிஞ்சுதா?"
கொழும்பிலிருந்து வந்த மனுசன் கேட்டார்.
ஓங்கில் படுத்திருக்குது என்றேன்.
அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி போனைப் பார்த்தார்.
எங்களைக் கடந்து ஐந்து படகு போனது.
எழுந்த அலையில் நாங்கள்தான் ஆடினோம்.
கூட்டம் தாழ்ந்த இடத்தில்
எண்ணெய் பூசியதுபோல் சில வட்டங்கள்
மினுங்கி, அழிந்தன.

பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
லீசிங் இன்னும் பத்தொன்பது மாதம்.
நஸ்லிம் எடுத்தான்:
"மச்சான், நீ நின்றால் கடல் நிற்குமா?"
நிற்காது என்றேன்.
உண்மைதானே.

பத்து மணிக்கு ஒழுங்கைக்குள் திரும்பினால்
உச்சத்தில் மெட்டு.
ஓட்டோவில் புதுப் பொடியன்.
பழையவர் கட்டாருக்குப் போய்விட்டாராம்,
ஐந்நூறு ரூபா கதை இவனுக்குத் தெரியாது.
"மெட்டு இல்லாட்டி ஆர் அண்ணை கதவு திறப்பினம்?"
அவனுக்கும் ஓட்டோ லீசிங்காம்.
எனக்குப் பதில் வரவில்லை.
இரண்டு பணிஸ் வாங்கினேன்.

உள்ளே சாரம் அசைந்தது.
இருட்டிலிருந்து கேட்டாள்:
"இண்டைக்குத் துள்ளினதே?"
"இல்லை."
"அப்ப, நித்திரை கொண்டதோ?"
"அதுவும் இல்லை" என்றேன்.